சேவல் நொண்டினால் என்ன செய்வது? செட்டிநாட்டுக் கொல்லைக்கு ஒரு வழிகாட்டி

சேவல் நொண்டுகிறது என்றதும் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடு என்பார் ஒருவர். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவு என்பார் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் குழம்பு வைத்துவிடலாமே என்று யோசனை சொல்லவும் ஆள் இருக்கும். இத்தனை பேரில் சேவலைத் தூக்கி அதன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தவர் பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார்.

முள் குத்தினாலும் சேவல் நொண்டும். எலும்பு முறிந்தாலும் நொண்டும். நரம்பைத் தாக்கும் நோய் வந்தாலும் நொண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதால்தான் பல கால்கள் கெட்டுப்போகின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் திறந்து குடிவந்தவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் எனப் பலர் இப்போது கொல்லையில் நான்கைந்து நாட்டுக்கோழி விடுகிறார்கள். முதன்முறையாகக் கோழி வளர்க்கும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கட்டுப் போடும் அவசரத்தை ஒத்திவைத்துவிட்டு, முதலில் பாருங்கள். பிறகு சேவலுக்கு நல்ல தரையும் ஓய்வும் கொடுங்கள். மருந்தைப் பற்றி அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.

பிடிப்பதற்கு முன் தூரத்திலிருந்து பார்த்தல்

சேவலைத் துரத்திப் பிடித்துவிட்டால் அது பயத்தில் வலியை மறைத்துக்கொள்ளும். இரையாகும் பிராணிகள் எல்லாமே நோயைக் காட்டிக்கொள்ளாதவை. ஆகவே பத்து நிமிடம் எட்டி நின்று கவனியுங்கள். கால் தரையில் ஊன்றுகிறதா, விரல் நுனி மட்டும் தொடுகிறதா, முழுவதுமாகத் தூக்கி வைத்திருக்கிறதா? ஒரு கால்தானா, இரண்டுமா? இரை பொறுக்குகிறதா? எச்சம் எந்த நிறத்தில் இருக்கிறது?

இந்தக் கேள்விகள் வீணில்லை. இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்ந்திருந்தால் அது அடிபட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, மூச்சுக்குத் திணறினால் அது வெள்ளைக்கழிச்சல்; ராணிக்கெட் என்பதும் அதுதான். ஒரு கால் முன்னாலும் மற்றது பின்னாலும் நீட்டியபடி இளஞ்சேவல் விழுந்து கிடந்தால் மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது பெரும்பாலும் ஆறு மாத வயதுக்குள் தலைகாட்டும் வைரஸ் நோய். வந்தபின் மருந்து கிடையாது. செத்து அழுகிய எதையாவதோ, அதில் நெளியும் புழுக்களையோ கொத்தித் தின்ற கோழிக்குக் கால் முதலில் துவண்டு, பிறகு கழுத்தும் தொய்ந்துவிடும். இவை எதற்கும் கட்டு உதவாது. சேவலைத் தனியே பிரித்து வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொல்லையில் அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

இவற்றில் எதுவும் இல்லை, ஒரு காலை மட்டும் தாங்கித் தாங்கி நடக்கிறது, மற்றபடி கண் பிரகாசமாக இருக்கிறது, கொண்டை சிவந்திருக்கிறது, இரை எடுக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

பிடித்தல்

இருட்டும் நேரம்தான் நல்ல நேரம். சேவல் அடைந்தபின் கண் சரியாகத் தெரியாது. சத்தமில்லாமல் போய் இரு கைகளாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்கலாம். பகலில் பிடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு துண்டை மேலே போர்த்துங்கள். தலையை மூடிவிட்டால் சேவல் அடங்கிவிடும்.

மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நம்மைப் போல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. துண்டால் கெட்டியாகச் சுற்றிவிட்டு, அடங்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தால் உள்ளே மூச்சு நின்றிருக்கும். அதேபோல், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சந்தையிலிருந்து கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் சேவல்களில் சில, வீட்டுக்கு வந்ததும் நொண்டுவது தற்செயல் அல்ல.

காலைப் பார்த்தல்

உதவிக்கு ஓர் ஆள் இருக்கட்டும். ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் பார்க்கட்டும். முதலில் நல்ல காலைத் தடவிப் பாருங்கள், அதுதான் அளவுகோல். கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எந்தக் காலும் சுடத்தான் செய்யும். நல்ல காலைவிட இது அதிகம் சுடுகிறதா என்பதே கேள்வி.

தொடையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். தொடையில் இறகை எதிர்ப்புறமாக ஊதிப் பார்த்தால் நாய்ப்பல், கீரிப்பல் பதிந்த சிறு துளைகள் தெரியும். இறகு மூடியிருப்பதால் இந்தக் காயத்தை யாரும் கவனிப்பதில்லை; இரண்டு நாள் கழித்து நாற்றம் வரும்போதுதான் தெரியவரும். பிறகு முழங்கால், அதன்கீழ் செதில் மூடிய கால், விரல்கள், கடைசியாக உள்ளங்கால். மூட்டு ஒவ்வொன்றையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எங்கே சேவல் திமிறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். எலும்பு உரசும் நறநற உணர்வு கைக்குத் தட்டுப்பட்டால் மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டாம், அது முறிவுதான்.

செதில்கள் தூக்கிக்கொண்டு, இடுக்கில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது அடியல்ல, செதில் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத உண்ணி செதிலுக்கடியில் குடைகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மென்மையாகத் தேய்த்துவிட்டு, வாசலினோ தேங்காயெண்ணெயோ கனமாகப் பூசினால் பூச்சி மூச்சு முட்டிச் சாகும். சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். கூண்டில் மற்ற கோழிகளின் காலையும் பாருங்கள், ஏனென்றால் இது தொற்றும்.

முள்ளும் கால் ஆணியும்

சிவகங்கைச் சீமையில் சேவல் நொண்டுவதற்கு முதல் காரணம் எது என்று என்னைக் கேட்டால், சீமைக்கருவேல முள் என்பேன். கண்மாய்க் கரையிலும் காலி மனையிலும் அது இல்லாத இடம் ஏது? முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிடும். மேலே ஒரு கரும்புள்ளி மட்டும் தெரியும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கொதிக்கவைத்த இடுக்கியால் முள் போன திசைக்கு நேர் எதிராக, அசைக்காமல் இழுத்து எடுத்துவிடலாம். எடுத்தபின் உப்புத் தண்ணீரால் கழுவி, போவிடோன் அயோடின் தடவ வேண்டும்.

எடுக்காமல் விட்ட முள்தான் பின்னால் கால் ஆணியாகிறது. முள் மட்டுமல்ல, வேப்பமரக் கிளையிலிருந்து கெட்டியான செம்புராங்கல் தரையில் தினமும் குதிக்கும் கனத்த சேவலுக்கும் உள்ளங்கால் நசுங்கிக் கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. உள்ளங்கால் நடுவில் வட்டமாகக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம், சூடு இருந்தால் அதுதான்.

தொடக்கத்தில், வெறும் சிவப்பும் லேசான தடிப்பும் மட்டும் இருக்கும்போது, தரையை மாற்றினாலே பாதி குணம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவையுங்கள். சேவலுக்கு இது பிடித்துப்போய் அப்படியே கண்ணைச் சொருகிக்கொள்ளும். துடைத்து உலர்த்தி, அயோடின் தடவி, மெல்லிய பஞ்சுக் கட்டுப் போடுங்கள். தினமும் ஒருமுறை போதும்.

வீக்கம் பெரிதாகிவிட்டால் அழுத்திப் பிதுக்காதீர்கள். கோழியின் சீழ் நம் சீழைப்போல் தண்ணீராக வடியாது; கெட்டியாக உறைந்து, வேர் போல உள்ளே இறங்கியிருக்கும். பிதுக்கினால் கிருமி ஆழத்துக்குப் போகும், தசைநாரையும் எலும்பையும் தொடும். பிளேடால் தோண்டி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் துணிந்துவிடுகிறார்கள். உள்ளங்காலில் தசைநார்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் அந்த விரல் பிறகு மடங்காது. இதை மருத்துவரின் கத்திக்கு விட்டுவிடுங்கள்.

நூலும் கயிறும்

முள்ளுக்கு அடுத்தபடி இதுதான். தையல் நூல், பட்ட நூல், நைலான் சாக்கிலிருந்து பிரிந்த இழை, நீண்ட தலைமுடி என எது கிடந்தாலும் கோழியின் விரலில் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க இறுகும். மேலே தோல் வீங்கி மூடிவிடுவதால் நூல் கண்ணுக்கே தெரியாது. விரல் மட்டும் உருண்டு தடித்து, பிறகு கறுக்கும். நல்ல வெளிச்சத்தில், செதில் இடுக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சிறு கத்தரியின் நுனியை நூலுக்கடியில் நுழைத்து, மேல்நோக்கி வெட்டுங்கள். ஒரு சுற்றை வெட்டிவிட்டு முடிந்தது என்று விடாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று அடியில் இருக்கும்.

விரல் ஏற்கெனவே கறுத்துக் காய்ந்து, தொட்டால் குளிர்ந்திருந்தால் அது போய்விட்டது. பதற வேண்டாம். ஒரு விரல் இல்லாமல் சேவல் நன்றாகவே வாழும். ஆனால் அழுகல் மேலே ஏறாமல் பார்க்க மருத்துவர் வேண்டும்.

சண்டைச் சேவல் இனமான பெருவிடையை வளர்ப்பவர்கள் சேவலின் காலில் கயிறு கட்டி வைப்பது வழக்கம். கட்டியே ஆகவேண்டும் என்றால் நைலான் கயிறு கூடாது. ஓர் அங்குல அகலப் பருத்தி நாடாவை, உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். ஒரே காலில் நாள்கணக்கில் கட்டாமல் மாற்றிக் கட்டுங்கள். முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் கொக்கி ஒன்றைக் கயிற்றின் நடுவில் போடுங்கள். திண்ணை விளிம்பிலோ சுவர்மீதோ ஏறக்கூடிய நீளத்துக்குக் கயிறு விட்டால், ஏறி மறுபுறம் குதித்து ஒற்றைக் காலில் தொங்கும். இடுப்பு மூட்டு விலகுவது பெரும்பாலும் அப்படித்தான்.

சேவற்கட்டில் வாங்கிய வெட்டுக் காயத்தோடு வரும் சேவல்களும் உண்டு. பிராணிகளைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், காயம் எப்படி வந்தது என்பதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். யார் மீதோ உள்ள பயத்தில் சேவலைக் கொல்லாதீர்கள். கத்திக்காயம் என்று சொன்னால்தான் எவ்வளவு ஆழம் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ரத்தம் வந்தால்

கோழியின் உடல் எடையில் ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம்தான் ரத்தம். இரண்டரைக் கிலோ சேவல் என்றால் மொத்தமே 200 மில்லிக்குள். ஆகவே ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை, கழுவுவதெல்லாம் பிறகு. சுத்தமான துணியை மடித்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் நிற்காது.

சேவலின் காலில் பின்புறம் வளரும் கால்முள் ஒடிந்தால் ரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வரும். வெளியே இருப்பது நகம் போன்ற உறை, உள்ளே உயிருள்ள எலும்பு. உறை மட்டும் கழன்றிருந்தால் அழுத்திப் பிடித்து, மஞ்சள்தூளையோ சோளமாவையோ அப்பி, மற்றக் கோழிகள் கொத்தாமல் பிரித்து வையுங்கள். சில வாரங்களில் புதிய உறை கெட்டிப்படும். தொங்கிக்கொண்டிருக்கும் முள்ளைப் பிடுங்க வேண்டாம்.

கழுவும் தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, 9 கிராம் உப்பைக் கலக்குங்கள். சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் காயத்தில் பீய்ச்சினால் மண்ணும் அழுக்கும் வந்துவிடும். போவிடோன் அயோடினை அப்படியே ஊற்றாமல், இளந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள்.

நம் ஊர் வெயிலில் காயத்தைவிட ஈதான் எமன். திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். மாட்டுக்குப் போடுவதுபோல் டர்பன்டைன் எண்ணெயையோ பினாயிலையோ கோழிப் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். தோல் மெல்லியது, வெந்துவிடும், உடலுக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். சேவலைக் கொசுவலைக்குள் வையுங்கள்.

தரையும் இடமும்

பெரிய வீடுகளில் குடியிருப்பவர்கள் அக்கறையாகச் செய்யும் ஒன்று, அடிபட்ட சேவலைக் கொல்லையிலிருந்து தூக்கிவந்து உள்ளே, ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்தில் விடுவது. நிழல் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, நாய் வராது. எல்லாம் சரிதான். ஆனால் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள். அந்த வழவழப்புதான் அதன் அழகு. ஒற்றைக் காலில் நிற்கும் சேவலுக்கு அந்த அழகே பகை. ஊன்றிய கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரியும், நல்ல காலின் தசைநாரும் இழுபடும். முறிவோடு வந்த சேவல் இரண்டு காலும் இல்லாமல் போகும்.

இரண்டடிக்கு இரண்டரையடி அளவுள்ள பெட்டியோ பழக்கூடையோ போதும். நடக்கவிடாமல் வைப்பதுதான் நோக்கம். பெரிய இடம் கொடுத்தால் நடந்துகொண்டேயிருக்கும். அடியில் பழைய செய்தித்தாள், அதன்மேல் மடித்த கோணிச்சாக்கு, அதன்மேல் பழைய பருத்திச் சேலைத்துணி. செய்தித்தாளை மட்டும் விரித்தால் அதுவும் வழுக்கும். மரத்தூளும் உமியும் நல்ல மெத்தைதான், ஆனால் திறந்த காயம் இருக்கும்போது வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். துணியைத் தினமும் மாற்றுங்கள். ஈரத் துணி புதிய புண்ணை உண்டாக்கும்.

பரண், கம்பு எதுவும் பெட்டிக்குள் கூடாது. சேவல் எழ முடியாமல் மார்பிலேயே படுத்திருந்தால் சில நாளில் மார்பெலும்பின்மேல் புண் வரும். தினம் இரண்டு மூன்று முறை புரட்டிப் படுக்க வையுங்கள். நீண்ட நாள் எழ முடியாத சேவலுக்குத் துணித்தொட்டில் கட்டலாம்: சேலைத்துணியில் இரண்டு காலுக்கு இரண்டு ஓட்டை, எச்சத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டை, நான்கு மூலையையும் பெட்டியின் விளிம்பில் கட்டி, பாதம் தரையைச் சற்றே தொடும் உயரத்தில் தொங்கவிடுவது. முதலில் ஒருமுறைக்குப் பதினைந்து நிமிடம், பழகியபின் கூடுதல் நேரம். கவனிக்க ஆள் இல்லாதபோது தொட்டிலில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

பெட்டியை மற்றக் கோழிகளின் சத்தம் கேட்கும் இடத்தில் வையுங்கள். முற்றிலும் தனிமைப்படுத்திய சேவல் இரை எடுக்காது. ஆனால் கூட்டத்துக்குள் விட்டால், நேற்றுவரை பயந்திருந்த பட்டிச் சேவல் வந்து ரத்தம் தெரியும் இடத்தில் கொத்தும். காயத்தின் நிலை தேறியபின், பகலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விட்டால் இரண்டும் சரியாக அமையும்.

சித்திரை, வைகாசியில் தாழ்வாரக் காற்றும் சுடும். வாயைத் திறந்து இளைத்தால் பெட்டிக்கருகில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். சேவல்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கட்டு நனையும்.

கட்டு

சுளுக்கு, லேசான வீக்கம் என்றால் கட்டே வேண்டாம். பெட்டியில் நான்கைந்து நாள் ஓய்வு கொடுத்துப் பாருங்கள்.

விரல் முறிந்திருந்தால் கெட்டி அட்டையைப் பாதத்தின் வடிவில் வெட்டி, விரல்களை இயல்பாக விரித்து வைத்து, இடையிடையே பஞ்சு வைத்து, மைக்ரோபோர் டேப்பால் ஒட்டலாம். செருப்புப் போட்டதுபோல் இருக்கும். முதல் நாள் சேவல் காலை உதறிக்கொண்டே நடக்கும்; பழகிவிடும்.

முழங்காலுக்குக் கீழே, செதில் மூடிய பகுதியில் மூடிய முறிவு இருந்து, மருத்துவரைப் பார்க்க ஒருநாள் ஆகும் என்றால், தற்காலிகத் தாங்குகட்டுப் போடலாம். முதலில் பஞ்சு அல்லது மெல்லிய துணியால் ஒரு சுற்று. இரு பக்கமும் ஐஸ்குச்சி அல்லது மழமழப்பாகச் சீவிய மூங்கில் பட்டை. முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதபடி நீளம் இருக்க வேண்டும். முறிந்த இடத்தில் மட்டும் குச்சி வைப்பதால் பயனில்லை. அதன்மேல் டேப் சுற்றுங்கள், விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அந்த நுனிகள்தான் உங்களுக்குச் செய்தி சொல்லும். குளிர்ந்தாலோ, வீங்கினாலோ, நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம்; உடனே பிரியுங்கள். கட்டிய முதல் நாளில் நான்கைந்து முறையாவது பாருங்கள்.

முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துப் பூசித் துணிசுற்றும் நாட்டுக் கட்டு நம் பக்கம் பழக்கத்தில் உள்ளது. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு செட்டிநாட்டுச் சுவர்களை இன்றும் பளபளக்க வைத்திருக்கிறது, சந்தேகமில்லை. சுவர் வீங்காது; கால் வீங்கும். அடிபட்ட முதல் இரண்டு நாளில் வீக்கம் ஏறிக்கொண்டேயிருக்கும். அப்போது கல்லாக இறுகும் கட்டைப் போட்டால் ரத்த ஓட்டம் நின்று, முறிவு கூடினாலும் பாதம் அழுகிவிடும். பிரண்டையை அரைத்துப் பூசுவதும் அப்படியே. அதன் சாறு தோலை அரிக்கும், சேவல் கட்டையே கொத்திக் கிழிக்கும்.

முறிவு நல்ல முறையில் கட்டப்பட்டால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் கூடிவிடும். இளஞ்சேவலுக்குச் சீக்கிரம், வயதான சேவலுக்குத் தாமதம். தொடை எலும்பு முறிவு, எலும்பு வெளியே தெரியும் முறிவு, இடுப்பு விலகல், நாய்க்கடி இவற்றில் கை வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தீனியும் தண்ணீரும்

தண்ணீர் முதலில். எழுந்து போய்க் குடிக்காத சேவல் வெயிலில் பட்டினியைவிடத் தாகத்தால் சீக்கிரம் சாகும். கனமான மண்சட்டியில், அலகுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். குடிக்கவில்லை என்றால் அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

ஊறவைத்த கம்பு, கேழ்வரகு, உடைத்த அரிசி, நறுக்கிய முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை போதும். படுத்துக்கிடக்கும் சேவலுக்கு அளவாகக் கொடுங்கள். உடல் கனத்தால் அதைத் தாங்குவதும் அந்த ஒரு கால்தான். மாலையில் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாகியிருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தராசில் எடை பார்த்துக் குறித்துவைத்தால், கண் ஏமாந்தாலும் எண் ஏமாற்றாது.

எலும்பு ஒட்டட்டும் என்று கால்சியம் வாரிக் கொடுப்பது இப்போது பெருகியிருக்கும் ஒரு தவறு. கடையில் கிடைக்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். அது தினமும் ஓடு செய்யும் கோழிக்கானது. சேவலுக்கு 1 சதவீதமே போதும். மிஞ்சியதைச் சிறுநீரகம் சுமக்க வேண்டும். அது பழுதாகி யூரிக் அமிலம் மூட்டில் படிந்தால், கால் வீங்கி மறுபடியும் நொண்டும். அடிபட்டதன் தொடர்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

மருந்துக் கடைக்குப் போகுமுன்

நாம் சாப்பிடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. அது செலுத்தப்பட்ட மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததே காரணம். பறவைகளின் வலிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் மெலாக்சிகம் தருகிறார்கள். அதன் அளவு எடையைப் பொறுத்தது; அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். ஆண்டிபயாட்டிக்கும் அப்படியே. மேலும், மருந்து உடலிலிருந்து வெளியேறும்வரை சேவலைச் சமைக்கக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு கால்நடை மருந்தகங்களில் கோழியையும் பார்ப்பார்கள். ஆட்டையும் மாட்டையும் மட்டும்தான் கொண்டுபோக வேண்டும் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். கோழி வளர்ப்புப் பற்றிய பொதுவான ஆலோசனைக்குக் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வெயில் ஏறுமுன், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி சுருட்டி இருபுறமும் அணைகொடுத்துக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, என்ன தின்றது, என்ன மருந்து போட்டீர்கள், கடைசியாகத் தடுப்பூசி எப்போது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. வெள்ளைக்கழிச்சலுக்கு அரசு முகாம்கள் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

கருப்பருக்கோ அய்யனாருக்கோ நேர்ந்துவிட்ட சேவல் என்றால் கால் கெட்டதும் வீட்டில் ஒரு கலக்கம் வரும். வைத்தியம் பார்ப்பது நேர்த்திக்குக் குறையாகாது. பாதம் முழுவதும் கறுத்து, இரை மறுத்து, எடை தினமும் இறங்கி, தேறும் வழி இல்லை என்று மருத்துவரே சொன்னால், வலியை நீட்டாமல் முடிக்க அவரிடமே கேளுங்கள்.

திரும்ப விடுதல்

கூவிவிட்டது, குணமாகிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். முறிந்த காலோடும் சேவல் கூவும். இரண்டு காலிலும் சமமாக நின்று, பிறகு அடிபட்ட காலில் மட்டும் நின்று மற்றொன்றால் தலையைச் சொறிந்துகொள்கிறதா என்று பாருங்கள். அதுதான் தேர்வு.

முதலில் சாதுவான ஒரு பெட்டையோடு, சிறிய இடத்தில் விடுங்கள். இணைசேரப் பெட்டையை மிதிக்கும்போது முழுப் பாரமும் காலில் இறங்குவதால், முறிவுக்குப் பிறகு இன்னும் சில வாரம் கூட்டமாகப் பெட்டைகளோடு விடாமல் இருப்பது நல்லது. அடையும் கம்பை ஒன்றரையடிக்கு மேல் வைக்காதீர்கள். இறங்கும் இடத்தில் மணலோ வைக்கோலோ பரப்புங்கள். மரத்தில் அடையும் பழக்கமுள்ள சேவலை மாலையிலேயே பிடித்துக் கூண்டில் அடைத்துப் பழக்க வேண்டும், நாலு நாள் முரண்டு பிடிக்கும். வேறு சேவல் இருந்தால் இரண்டையும் கம்பிவலைக்கு இருபுறமும் ஒரு வாரம் வைத்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

சில சேவல்கள் கடைசிவரை சற்றுச் சாய்ந்தே நடக்கும். அதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் ஊன்றாத காலில் நகம் தேயாமல் வளைந்து வளரும். மாதம் ஒருமுறை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே ஓடும் ரத்தநாளத்தை விட்டுவிட்டு நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள்.